ஏழு புள்ளி

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் வாங்கி வந்த கறுப்பு மோலி, வியாழக்கிழமை மகள் பள்ளிக்குப் போன பிறகு தொட்டியின் அடியில் அசையாமல் கிடந்தது.

செவ்வாய்க்கிழமையே அவள் சொன்னாள்: "அப்பா, மீன் மேல உப்பு ஒட்டியிருக்கு." அது வெண்புள்ளி நோய். இடம் மாறி வந்த அலுப்பில் மீன்களுக்கு இது வருவது சகஜம். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, அதன் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். அன்றே மருந்து விட்டார்கள். மோலிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

பள்ளி விடுவதற்குள் அதே மாதிரி இன்னொன்றை வாங்கிவிட அப்பா வண்டிச் சாவியை எடுத்தார். பல வீடுகளில் நடப்பதுதானே!

பாட்டி தடுத்தார். "அவ புள்ளியை எண்ணி வெச்சிருக்காடா. ஏழாம். புது மீனுக்கு ஏது புள்ளி? அந்தத் தண்ணியில விட்டா அதுக்கும்தான் வரும்."

சாயங்காலம் அப்பாவே சொன்னார். மகள் அழவில்லை. "மருந்து கசந்துச்சாப்பா?" என்றாள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பால்கனி ரோஜாத் தொட்டியில் பாட்டி குழி தோண்டினார். மகள் ஒரு சிட்டிகை மீன் தீனியையும் உள்ளே போட்டாள்.