முதலில் இறங்குகிறவன்



இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள். தொண்ணூறுகளில் நம் கிரிக்கெட் டீமில் இருந்தவர்கள் மட்டும் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நியூஜெர்சியிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் அழைத்தாள். அங்கே சனிக்கிழமை இரவு. "அப்பா, இவன் அழுதுட்டு சாப்பிடாம படுத்திருக்கான். நீங்க பேசுங்க" என்று போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டாள். அவனுக்குப் பதினோரு வயது. பேஸ்பால் ஆடுகிறான். டீமில் அவன்தான் முதலில் மட்டை பிடிக்கிறவன். அதற்கு அங்கே 'லீட் ஆஃப்' என்று பெயர்.

"என்னப்பா ஆச்சு, தோத்துட்டீங்களா?"

"ஜெயிச்சோம் தாத்தா. ஆனா நான் ஒண்ணுமே அடிக்கல. மூணு தடவையும் வாக் தான்."

எனக்குப் புரியவில்லை. வாக் என்றால் என்ன என்று கேட்டேன். அழுகையை நிறுத்திவிட்டு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். (அழுகிற பிள்ளையிடம் ஒரு சந்தேகம் கேளுங்கள், அழுகை நின்றுவிடும். முப்பத்து மூன்று வருட அனுபவம்.) பந்து வீசுகிறவன் சரியான எல்லைக்குள் போட வேண்டுமாம். எல்லைக்கு வெளியே போகிற பந்தை அடிக்காமல் விட்டால் அது மட்டைக்காரனுக்குச் சாதகம். அப்படி நான்கு பந்து வந்துவிட்டால், அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதுதான் வாக். இவன் மூன்று முறையும் நடந்தே போயிருக்கிறான். பின்னால் வந்தவர்கள் அடித்த அடியில் இரண்டு முறை வீடு சேர்ந்து இரண்டு ரன் எடுத்திருக்கிறான். ஆனால் கூட ஆடுகிற ஒரு பையன், "நீ அடிக்கவே மாட்டே, சும்மா நிப்பே" என்று சொல்லிவிட்டானாம். அதற்குத்தான் அழுகை.

"உங்க கோச் என்ன சொன்னார்?"

"அடுத்த வாரமும் நீதான் ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னார். நான் எத்தனை பால் பார்த்தேன்னு அவர் நோட்டுல எழுதி வெச்சிருக்கார் தாத்தா. மூணு தடவையும் சேர்த்து பத்தொன்பது பால். அதனால அந்த பிட்சருக்கு கை வலி வந்து சீக்கிரமே மாத்திட்டாங்களாம்."

அந்தப் 'பத்தொன்பது பால்' என்ற வார்த்தையில் எனக்கு ஏதோ இடறியது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அவனைச் சமாதானப்படுத்தி, சாப்பிட வைத்து, போனை வைத்தேன்.

பிறகு இந்த பேஸ்பால் விஷயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். ரிட்டயர்டு ஆனவனுக்கு வேறென்ன வேலை? அந்த ஆட்டத்தில் ஒன்பது பேரும் எழுதிக் கொடுத்த வரிசையில் மாறி மாறி வருகிறார்கள். ஒன்பதாவது ஆள் முடிந்ததும் மறுபடி முதல் ஆள். அதனால் ஒரு சீசன் முழுவதும் கணக்குப் பார்த்தால் மற்ற எவரையும் விட முதல் ஆளுக்குத்தான் அதிக வாய்ப்பு. அவனுடைய வேலை எப்படியாவது பேஸில் போய் நிற்பது. வேகமாக ஓடுகிறவன்தான் முதலில் வர வேண்டும் என்று வெகு காலம் நினைத்திருக்கிறார்கள். ஓட்டம் நல்லதுதான், ஆனால் பேஸுக்குப் போய்ச் சேராதவன் எங்கிருந்து ஓடுவான்? ரிக்கி ஹெண்டர்சன் என்று ஒருவர், 1979 முதல் 2003 வரை ஆடியவர். முதல் ஆளாக இறங்குவதில் அவரைப்போல் இன்னொருவர் இல்லை என்கிறார்கள். 1,406 பேஸ்களைத் திருடிய சாதனை அவருடையது. (திருட்டு என்றுதான் பெயர், ஆட்டத்தில் அது நியாயமான காரியம்.) எனக்குப் பிடித்த எண் அதுவல்ல. 2,190 முறை அவர் வாக் வாங்கியிருக்கிறார். நூறு முறை மட்டை பிடித்தால் சுமார் நாற்பது முறை எப்படியோ பேஸில் இருந்திருக்கிறார். ஆள் அடிக்கத் தெரியாதவரும் அல்ல. ஆட்டத்தின் முதல் ஆளாக வந்து ஹோம் ரன் அடித்ததே 81 முறை.

நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டுக்கு வருகிறேன். ஓப்பனிங் என்றால் நம் தலைமுறைக்கு ஸ்ரீகாந்த்தான். 1983 ஜூன் 25, உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. டீக்கடை டிரான்சிஸ்டரைச் சுற்றி இருபது பேர். கவாஸ்கர் 2 ரன்னில் போய்விட்டார். நம்ம ஊர்ப் பிள்ளை ஸ்ரீகாந்த் 57 பந்தில் 38 அடித்தார். இன்றைக்கு 38 என்றால் உங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு அணியிலும் சேர்த்து அதுதான் அதிகம். இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140.

அதே கவாஸ்கர் 1975 உலகக் கோப்பையில் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 ரன் எடுத்ததையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து 334 அடித்திருந்தது. அந்த நிற்றலால் அணிக்கு ஒரு பயனும் இல்லை. அதே மனிதர்தான் டெஸ்ட் ஆட்டத்தில் உலகிலேயே முதன்முதலாகப் பத்தாயிரம் ரன் எடுத்தவர். நின்றால் நல்லவன், அடித்தால் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. 2014-இல் இங்கிலாந்து போன நம்ம முரளி விஜய் லார்ட்ஸில் 247 பந்து நின்று 95 எடுத்தார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்துகளை அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு விட்டுவிட்ட அழகை டிவியில் பார்த்தபோது, இப்படி விடுவதற்கும் ஒரு கை வேண்டும் என்று தோன்றியது. அந்த டெஸ்ட்டில் இந்தியா ஜெயித்தது.

இப்போது 1996-க்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

அந்த மார்ச் மாதம் இலங்கை உலகக் கோப்பை வாங்கியது. ஜெயசூர்யாவும் கலுவிதரணவும் முதல் 15 ஓவரில் கட்டத்துக்கு வெளியே இரண்டே பேர் நிற்கலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, முதல் பந்திலிருந்தே அடித்தார்கள். காலிறுதியில் ஜெயசூர்யா 44 பந்தில் 82. அந்தக் கோடை விடுமுறையில் திருவக்கரை ஏரிக்குள் ஆடிய பையன்கள் எல்லாரும் ஜெயசூர்யா. பனைமட்டை பேட் பிடித்த ஆறாம் வகுப்புப் பையன்கூட ஜெயசூர்யா. பொறுப்பு ஆசிரியரான எனக்கும் அந்தக் காய்ச்சல் பிடித்திருந்தது. நான் கணக்கு வாத்தியார். பி.டி. சார் இல்லாத பள்ளியில் கிரிக்கெட் என் தலையில் விழுந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடம் திண்டிவனத்தில் பள்ளி அணிகளுக்கு ஒரு போட்டி. 15 ஓவர் ஆட்டம், ஒருவருக்கு 3 ஓவர். எதிரணி 74 எடுத்தது. நமக்கு 75 வேண்டும். அவர்களிடம் ஒரே ஒரு வேகப்பந்துக்காரன். உயரமான பையன், செம்மண் தரையில் அவன் போட்ட பந்து எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்கு வந்தது. நம் ஓப்பனர்களில் ஒருவன் நன்றாக அடிப்பான். இன்னொருவன் நிற்பான். அந்த நிற்கிறவனின் பெயரை எழுதமாட்டேன். உங்களுக்கெல்லாம் தெரியும்.

6 ஓவர் முடிந்தபோது விக்கெட் போகாமல் 22. நின்றவன் எடுத்தது 4 ரன். கரையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் கொண்டுபோன பையனிடம், "அடிக்கச் சொல்லு, இல்லன்னா அவுட் ஆயிட்டு வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த ஓவரின் முதல் பந்து. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். நடு ஸ்டம்பு போனது. அதற்கடுத்த ஓவருக்கு அந்த உயரமான பையனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரே ஓவரில் மூன்று விக்கெட். நாம் 66-க்கு ஆல் அவுட். 8 ரன்னில் தோல்வி.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் எல்லாருக்கும் பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவனைப் பார்த்து, "கல்மரம் மாதிரி நின்னா கப்பு எப்படிடா வரும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்றுதான் என் ஞாபகம்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அமெரிக்கப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். எங்கள் ஊரில் வக்கிரகாளியம்மன் கோயில் எவ்வளவு பேர்பெற்றதோ, அவ்வளவு பேர்பெற்றவை கல்மரங்கள். சுமார் இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் மண்ணுக்குள் கிடந்து கல்லாகிவிட்டவை. பார்த்தால் மரம், பட்டையும் வளையமும் தெரியும், தொட்டால் கல். அரசாங்கம் வேலி போட்டுத் தேசியப் பூங்காவாக வைத்திருக்கிறது. அந்தப் பெயரை ஒரு பிள்ளைக்கு நான் வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து பள்ளி முழுக்க அவன் கல்மரம். இன்றுவரை என் பதிவுகளின் கீழே அவன் "வணக்கம் ஐயா" என்று எழுதினால், அடுத்த வரியில் உங்களில் யாராவது, "டேய் கல்மரம், எப்படி இருக்க?" என்று கேட்கிறீர்கள். அதற்குப் பிறகு அவன் டீமுக்கு வரவில்லை. பத்தாம் வகுப்பு, படிக்க வேண்டும் என்று சொன்னான். நானும் நல்லது என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். "இந்த வெயில்ல உங்களுக்கு என்ன கேடு?" என்று வீட்டில் திட்டு. அந்தக் காலத்து ஸ்கோர் நோட்டுகள் இருந்தன. 1996 நோட்டில் கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, பக்கங்கள் பிழைத்திருக்கின்றன. ஒரு பந்தில் ரன் இல்லையென்றால் புள்ளி வைப்போம் அல்லவா? அந்தப் புள்ளிகளை பென்சிலால் ஒவ்வொன்றாக எண்ணினேன். பந்து வீசியவர்கள் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அவன் ஆடியது 24 பந்து. உயரமான பையன் அதுவரை போட்டிருந்த இரண்டு ஓவரில், 12 பந்தில் 11 பந்தை இவனே வாங்கியிருக்கிறான். எதிர்முனையில் நின்ற அடிக்கிற பையனுக்கு அந்த வேகத்தில் வந்தது ஒரே பந்து. அதனால்தான் அவன் மற்றவர்களின் பந்தில் 16 ரன் அடித்திருக்கிறான். மிச்சம் 2 உதிரி.

இன்னொரு கணக்கும் போட்டேன். நான் ஆள் அனுப்பிய நேரத்தில் 54 பந்தில் 53 ரன் வேண்டும். பத்து விக்கெட்டும் கையில். அந்தப் பையனுக்கு இன்னும் ஒரே ஓவர்தான் மிச்சம். இது மோசமான நிலைமையா? எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் போட்டுச் சொல்லிவிடும். கணக்கு வாத்தியார் கரையில் உட்கார்ந்து போடவில்லை.

ஜெயசூர்யாவைப் பார்த்து மயங்கியவன் அந்த உலகக் கோப்பையையும் சரியாகப் பார்க்கவில்லை. அரையிறுதியில் ஈடன் கார்டனில் ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே ஜெயசூர்யா, கலுவிதரண இரண்டு பேரும் அவுட். லாகூர் இறுதிப் போட்டியில் ஒருவர் 9, ஒருவர் 6. இரண்டையும் தூக்கி நிறுத்தியது பின்னால் வந்த அரவிந்த டி சில்வா. இறுதியில் 107, அவுட் இல்லை. பின்னால் அப்படி ஆள் இருந்ததால் முன்னால் இருந்தவர்கள் துணிந்து அடித்தார்கள். நம் டீமில் பின்னால் இருந்தது யார்? எட்டாவது ஆளுக்குக் காலில் செருப்புகூட இல்லை, முதல் பந்து வந்தபோது விலகி நின்றான். அவர்களுக்கெல்லாம் அந்த வேகம் வராமல் பார்த்துக்கொண்டவனைத்தான் நான் அவுட் ஆகிவிட்டு வரச் சொன்னேன்.

அவன் இதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்தானா, இல்லை அடிக்கத் தெரியாமல் நின்றானா என்று சிலர் கேட்பீர்கள். பதினைந்து வயதுப் பையன். என்னிடம் வாய் திறந்து பேசாதவன். நான் கேட்கவும் இல்லை. இப்போது கேட்கலாம் என்றிருக்கிறேன்.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். மற்றவர்கள் பெயரை மறைத்துவிட்டேன், உன் வரி மட்டும் தெரியும். 4 ஒன்றுகள், 19 புள்ளிகள், கடைசியில் ஒரு விக்கெட் குறி. அந்தக் குறி என் பெயருக்கு நேரே இருக்க வேண்டியது. மற்றவர்கள் எல்லாரும் இன்றிலிருந்து அவனை அவன் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். நான் வைத்த பெயரை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு கோயிலுக்கு வருவதாகப் போன மாதம் எழுதியிருந்தாய். வீட்டுக்கு வா. ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்லை, விளக்கு எரியும். நோட்டை மறுபடி பரணில் ஏற்றவில்லை.