எண்ணாமல் விட்ட ஆள்

அந்தப் புள்ளியியல் ஆசிரியருக்கு வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில் ஒரு கல்லூரியில். தினமும் பஸ் பயணம். போக ஏறக்குறைய 45 கிலோமீட்டர், வர 45. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய முதலாண்டு வகுப்புக்குப் புள்ளியியல் வெறும் துணைப்பாடம்தான். அதனால் முதல் நாளே கேள்வி வந்துவிடும்: "சார், எந்த ஃபார்முலா முக்கியம்?"

பல வருடங்கள் அவரும் ஃபார்முலாதான் எழுதிப்போட்டார். பத்து மாணவர்களின் மதிப்பெண், கூட்டுச்சராசரி காண்க, திட்டவிலக்கம் காண்க. எல்லோரும் சரியாகத்தான் போட்டார்கள். "சரி, இந்த விடை என்ன சொல்லுது?" என்று கேட்டால் மட்டும் வகுப்பில் சத்தமே இருக்காது.

2025இல் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் அவர் ஒரு கதை சொன்னார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதைதான். ஆற்றைக் கடந்ததும் குருவும் ஐந்து சீடர்களும் தலையை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் எப்போதும் ஐந்துதான் வருகிறது. ஆறு ஒருவனை விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். வகுப்பு சிரித்தது.

அடுத்த நாள் கரும்பலகையில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கடலூர் மாவட்டம்: 26,05,914 பேர். 1000 ஆண்களுக்கு 987 பெண்கள்.

"பரவாயில்லையே சார்" என்றான் ஒரு பையன்.

ஆசிரியர் அடுத்த வரியை எழுதினார். ஆறு வயது வரையிலான குழந்தைகள் மட்டும்: ஆண் 1,50,571, பெண் 1,34,960. வகுத்துப் பார்க்கச் சொன்னார். கால்குலேட்டர்கள் எல்லாம் 896 என்றன. தமிழ்நாடு முழுவதற்கும் அது 943.

மொத்தச் சராசரி எதை மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பெரியவர்களையும் சேர்த்து எண்ணும்போது 987. குழந்தைகளைத் தனியே பிரித்தால்தான் பள்ளம் தெரிகிறது.

"தற்செயலா இருக்கலாமே சார்?" என்றான் அதே பையன்.

அவர் எதிர்பார்த்த கேள்வி இதுதான். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது 1000க்கு 950 போல. பத்து முறை காசு சுண்டி நாலு தலை விழுந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் இங்கே இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் குழந்தைகள். இத்தனை பேரில் தற்செயலால் வரும் ஆட்டம், அதாவது திட்டப்பிழை, 4கூட இல்லை. இடைவெளியோ 54! அந்த 1,50,571 ஆண் குழந்தைகளுக்கு இருந்திருக்கவேண்டிய பெண் குழந்தைகள் சுமார் 1,43,000. கணக்கில் சுமார் 8,000 பேர் குறைகிறார்கள்.

ஏன் குறைகிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. எண்ணும்போது விட்டுப்போனார்களா, பிறந்தபின் கவனிப்பில்லாமல் இறந்தார்களா, 1994ஆம் வருடச் சட்டத்தை மீறி வயிற்றிலேயே பாலினம் பார்த்துத் தடுக்கப்பட்டார்களா? அதைத் தனியே தேடவேண்டும் என்றார் ஆசிரியர். உலக அளவில் இப்படிக் காணாமல்போன பெண்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று அமர்த்தியா சென் 1990இலேயே எழுதியதையும் சொன்னார்.

பெல் அடிக்கும் நேரம். கடைசி பெஞ்சுக்கு முந்தைய பெஞ்சில் ஒரு பெண் விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"2011ல எனக்கு மூணு வயசு சார். அப்ப இந்த 1,34,960ல நானும் ஒருத்திதானே?"

யாரும் சிரிக்கவில்லை. வகுப்பில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் அந்த வயதுக்காரர்கள்தான். அதுவரை பலகையில் இருந்த எண்ணை யாரோ குழந்தைகளின் கணக்கு என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு யாரும் ஃபார்முலா கேட்கவில்லை. அடுத்த வாரம் அவரே திட்டப்பிழையின் ஃபார்முலாவை எழுதிப்போட்டபோது, அது எதற்கு என்று சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.