மலையூர்த் திருநாட்கள்

இத்தாலி தேசத்தின் கலைச் செல்வங்களைக் காண விரும்பிச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் ரோமாபுரியிலும் பிளாரன்ஸிலும் வெனிஸிலும் உள்ள பெரிய பொருட்காட்சிசாலைகளின் வாசலில் வரிசையில் நின்று, பார்க்கவேண்டியவற்றைப் பார்த்துவிட்ட திருப்தியுடன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் உம்பிரியா, டஸ்கனி மாகாணங்களில், ஆலிவ் தோப்புகளுக்கு மேலே குன்றுகளின் உச்சியில் அமைந்த சிற்றூர்க் கோயில்களில், எந்த ராஜதானியும் பெருமையுடன் வைத்துக்கொள்ளக்கூடிய சித்திரங்கள், எந்தச் சுவருக்காக எழுதப்பட்டனவோ அந்தச் சுவரிலேயே ஐந்நூறு வருஷங்களாக இருந்துவருகின்றன. இவை தனி மனிதன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஊர் முழுவதும் கூடி நிற்கும் நாளுக்காக எழுதப்பட்டவை. ஆகையால், அவற்றைத் திருவிழாவன்று பார்க்கிறவனே உள்ளபடி பார்க்கிறான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அசிசிக்கு அருகில், சுபாசியோ மலையின் சரிவில், இளஞ்சிவப்புக் கல்லால் கட்டிய வீடுகளும் ரோமானியர் காலத்துக் கோட்டை வாயில்களும் உடைய ஸ்பெல்லோ என்னும் ஊரில், தேவநற்கருணைத் திருநாளுக்கு முந்தின இரவு யாரும் உறங்குவதில்லை. கீழ் வாயிலிலிருந்து மேட்டுத் தெருக்கள் வரை சுமார் 1.5 கிலோமீட்டர் தூரம், விடிவதற்குள் தரை முழுவதும் பூவால் சித்திரம் எழுதியாக வேண்டும். அதற்கான உழைப்போ பல வாரங்களுக்கு முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. மலைச்சரிவுகளிலும் வயல் வரப்புகளிலும் பறித்துவந்த மலர்களை வீட்டிலுள்ள முதியோர் உட்கார்ந்து இதழ் இதழாக ஆய்ந்து, நிறம் நிறமாகப் பிரித்து, சிலவற்றை நிழலில் உலர்த்தி, பொடியாக நறுக்கிச் சலித்து வைக்கிறார்கள். சாயம் கலப்பது கூடவே கூடாது. பச்சை வேண்டுமானால் காட்டுப் பெருஞ்சீரகத்தின் தழை, சிவப்பு வேண்டுமானால் கசகசாச் செடியின் பூ என்று, மலையும் வயலும் தருகிற வர்ணங்களைக்கொண்டே காரியத்தை முடிக்க வேண்டும்.

நள்ளிரவுக்குப் பின், விளக்கு கட்டிய ஒரு கூடாரத்தின் கீழே, முழங்காலிட்டுக் குனிந்து, ஒரு மாதாவின் கன்னத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு விரல்களுக்கு நடுவே சிட்டிகை சிட்டிகையாகப் பூந்தூளை எடுத்துத் தூவி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒரு சிறு தூரிகையால் ஓரத்தை ஒதுக்கி, மறுபடியும் தூவினார். பக்கத்திலிருந்த சிறுவன், அவர் கேட்பதற்கு முன்பே அடுத்த நிறமுள்ள கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். காற்று வீசினால் கூடாரத் துணியைப் பலர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். விடிந்ததும் கூடாரங்களைப் பிரித்து, இதழ்கள் பறக்காமலும் வாடாமலும் இருக்க நீர் தெளித்தார்கள். முற்பகலில், நற்கருணைக் கதிர்ப்பாத்திரத்தை ஏந்திய குருவும் அவர் பின்னே ஊர்வலமும் அந்தச் சித்திரங்களின் மேலேயே நடந்து சென்றபோது, இரவெல்லாம் உழைத்தவர்களின் முகத்தில் வருத்தத்தின் சாயலைக்கூட நான் காணவில்லை. அந்தப் பாதங்களுக்காகத்தானே எழுதினார்கள்!

அந்த ஊர்வலம் சென்ற தெருவிலேயே இருக்கிறது ஸாந்தா மரியா மஜோரே ஆலயம். அதன் உள்ளே, ட்ரோயிலோ பாலியோனி என்ற குருவின் விருப்பப்படி ஓவியர் பிந்துரிக்கியோ 1501-இல் எழுதி முடித்த சிற்றாலயம் ஒன்று உண்டு. மங்களவார்த்தைக் காட்சி ஒரு சுவரிலும், இயேசு பாலனின் பிறப்பு மற்றொன்றிலும், பாலன் வேத சாஸ்திரிகளோடு தர்க்கிக்கும் காட்சி மூன்றாவதிலும் பொலிகின்றன. முதற் காட்சியில், கன்னி மரியின் அறைச் சுவரில், புத்தகங்கள் அடுக்கிய ஒரு பலகையின் கீழே, சட்டமிட்டு மாட்டிய படம்போல ஓவியர் தம்முடைய முகத்தையே எழுதி வைத்திருக்கிறார். அகந்தையினால் அல்லாமல், மங்களவார்த்தை ஒலித்த அறையில் தமக்கும் ஒரு மூலை கிடைக்காதா என்ற ஏக்கத்தினாலேயே அவர் அப்படிச் செய்தார் என்று எண்ணத் தோன்றுகிறது. தரையில் பரப்பியிருப்பவை அருகிலுள்ள டெருட்டா என்ற ஊரின் குயவர்கள் 1566-இல் செய்த வர்ண ஓடுகள். அவற்றின்மேல் இன்று யாரும் கால் வைக்கலாகாது. வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஓடுகள் என்றென்றும் நிலைக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆயினும் அந்தத் திருநாள் காலையில், வாசலுக்கு வெளியே மிதிபட்டுக் கிடந்த பூத்தரையைக் கண்டுவிட்டு உள்ளே வந்தவனுக்கு, இந்தத் தரையும் ஒரு காலத்தில் ஜனங்களின் பாதத்துக்காகவே இடப்பட்டது என்ற நினைவு வராமற் போகாது.

காப்பாற்றுவதற்காக ஒன்றை அதன் இடத்திலிருந்து பெயர்ப்பது சரியா என்ற கேள்வி, டஸ்கனியிலுள்ள மோன்டெர்க்கியில் இன்னும் கூர்மையாக எழுகிறது. ஓவியர் பியெரோ டெல்லா பிரான்செஸ்காவின் தாயார் பிறந்த ஊர் என்று சொல்லப்படுவது அது. இரண்டு தேவதூதர்கள் கூடாரத்தின் திரையை விலக்கிப் பிடிக்க, அங்கியின் முன்புறம் நெகிழ்ந்து, வலக்கையை வயிற்றின்மேல் வைத்து நிற்கும் கர்ப்பவதியான மாதாவை அவர் அவ்வூர்ச் சிறு கோயில் ஒன்றில் எழுதினார். அது அவருடைய கைவண்ணம் என்று கலையுலகம் 1889-இல்தான் அறிந்தது. ஊர்ப் பெண்களோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சுகப்பிரசவம் வேண்டி அவளிடம் சென்றுவந்தார்கள். பின்னாளில் பெரிய மியூசியங்கள் அதைக் கண்காட்சிக்கு இரவல் கேட்டபோது ஊரார் கொடுக்க மறுத்ததும் இதனால்தான். ஆனால் பிற்பாடு கல்லறைக் கோயிலாக மாறிவிட்ட அந்த இடத்திலிருந்து, 1990-களின் தொடக்கத்தில், பழைய பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றுக்கு மாதாவைக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கர்ப்பிணிகளுக்குக் கட்டணம் கிடையாது என்பது மனத்துக்கு ஆறுதல் தருகிறது. என்றாலும், மாண்டோர் உறங்கும் தோட்டத்தின் நடுவே பிறப்பை எதிர்நோக்கி நின்ற அந்தத் தாய், கண்ணாடிக்குப் பின்னே சீரான வெளிச்சத்தில் நிற்பதைப் பார்க்கையில், நிபுணர்களின் காரணங்கள் அனைத்தையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் நெஞ்சு சமாதானமடையவில்லை.

டஸ்கனியிலேயே உள்ள மோன்டிக்கியெல்லோ என்ற மலையூருக்கும் இத்தகைய இழப்பு உண்டு. அவ்வூர்க் கோயிலுக்குரிய மாதா படம், ஓவியர் பியெட்ரோ லோரென்செட்டி எழுதியது, இப்போது அருகிலுள்ள பியென்சா நகரத்துப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. ஆயினும் அவ்வூரார் தங்களுக்கென வேறொரு திருநாளை உண்டாக்கிக்கொண்டார்கள். விளைச்சலில் பாதியை நிலச்சுவான்தாருக்கு அளந்து கொடுத்து வாழ்ந்த வாரக் குடியானவர்கள், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைகளை நாடிப் போய்விட, எஞ்சிய சிலர் தங்கள் கதையைத் தாங்களே எழுதித் தாங்களே ஊர்ச் சதுக்கத்தில் நடிப்பது என்று தீர்மானித்தார்கள். 1967-இல் தொடங்கிய அந்த வழக்கம் இன்றளவும் தொடர்கிறது. 1944 ஏப்ரலில் ஜெர்மானியப் படையினர் ஊராரைச் சுட ஆயத்தமானபோது, அங்கே வாழ்ந்த ஒரு ஜெர்மானியப் பெண்மணி மன்றாடி அவர்களைக் காப்பாற்றினாள். அந்த நாட்களையே, அவற்றை அனுபவித்தவர்கள் பலர் உயிரோடிருக்கும்போதே, 1969-இல் மேடையேற்றினார்கள். குளிர்காலத்தில் கூடி விவாதித்து அவ்வருஷத்து விஷயத்தை முடிவு செய்கிறார்கள். கோடையில் ரொட்டி சுடுகிறவரும் ஆலிவ் பறிக்கிறவரும் வேஷங்கட்டுகிறார்கள். பாஷை தெரியாதவனுக்கும், நடிப்பவன் தன் சொந்தத் தந்தையின் துயரத்தைச் சொல்லுகிறான் என்பது குரலிலேயே விளங்கிவிடும். அப்பக்கம் செல்கிறவர்கள், காலையில் பியென்சாவில் லோரென்செட்டியின் மாதாவைத் தரிசித்துவிட்டு, மாலையில் இந்தக் குன்றின்மேல் ஏறி, நாடகம் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.