முயலுக்கு ஒரு கூடு, உம்மாவுக்கு ஓர் ஆறுதல்



"உம்மா, எங்களுக்கும் ஒரு முயல் வாங்கித் தாங்க" என்று பிள்ளைகள் கேட்காத வீடு உண்டா? கேட்பது பிள்ளைகள், வாங்கிக் கொடுப்பது வாப்பா. ஒரு மாதம் போனபின் கூட்டைக் கூட்டி அள்ளுவது யார்? நீங்களும் நானும்தான். ஆகவே முயலுக்கு முந்திக் கூட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

என் இளைய மகள் முதலில் ஆசைப்பட்டது முயலுக்கு அல்ல. கைத்தொலைபேசியில் பார்த்த சின்சில்லாவுக்கு. அது தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக் குளிரில் பிறந்த பிராணி. 25 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறினாலே அதன் உயிருக்கு ஆபத்து. சித்திரையிலும் வைகாசியிலும் நண்பகல் வெயில் 32, 33 பாகையைத் தாண்டும் நம் வன்னியில் அதை வளர்க்க நினைப்பதே பாவம். முயலாவது நிழலும் காற்றும் கொடுத்தால் தாக்குப்பிடிக்கும். மகளுக்கும் அதைச் சொல்லித்தான் மனதை மாற்றினேன்.

எந்தக் கூட்டுக்கும் ஒரே சட்டம்தான். அழுக்குப் படுகிற எதையும் ஆணி அடித்து நிறுத்தக் கூடாது. அடித்தளமும் அதன் கீழுள்ள தகரத் தட்டும் கையால் இழுத்தால் வெளியே வரவேண்டும். இதை பாஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் கட்டில் செய்வதைப் போல எல்லாவற்றையும் இறுக்கி அடித்துத் தந்துவிடுவார்.

ஒரு பெரிய முயலுக்கு நீளம் 4 அடி, அகலம் 2 அடி, உயரம் 2 அடியாவது இருக்கட்டும். இரண்டு அடிக்கு மேல் அகலம் வைத்தால் பின் மூலைக்கு உங்கள் கை எட்டாது. கதவு பெரிதாக இருக்கட்டும். கால்கள் இரண்டரை அடி உயரம் இருந்தால் குனிந்து முதுகு நோக வேண்டியதில்லை. மரக்காலையில் முதிரை, பாலை வெட்டுத்துண்டுகள் கிடைத்தால் போதும். கால்களை மண்ணில் நடாமல் சீமெந்துக் கல்லின் மேல் நிறுத்துங்கள். மண்ணில் நட்டால் கறையான் சும்மா விடாது.

கம்பிவலையை மரச் சட்டத்தின் உட்பக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கடித்தே ஆகும். வலை உள்ளே இருந்தால் மரத்துக்குப் பல்லும் எட்டாது, சிறுநீரும் ஊறாது. மெல்லிய கோழிவலை வேண்டாம். நாய் ஒரு இழுவையில் கிழித்துவிடும். நாகம் பூசிய, ஒட்டுவைத்த கம்பிவலையே நெடுநாள் நிற்கும். அடித்தளத்துக்கு அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண் உள்ள வலை நல்லது. புழுக்கை கீழே விழுந்துவிடும். ஆனால் நாள் முழுதும் கம்பியில் நின்றால் முயலின் காலில் புண் வரும். ஒரு சதுர அடியில் ஒரு பலகைத் துண்டை உள்ளே போடுங்கள். அதையும் எடுத்துக் கழுவக்கூடியதாக இருக்கவேண்டும்.

தளத்துக்குக் கீழே தகரத் தட்டை ஒரு பக்கம் சரித்து வையுங்கள். சிறுநீர் ஓடி ஒரு வாளியில் விழும், புழுக்கை தட்டில் நிற்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது நல்ல பசளை. தகரத்தின் ஓரங்களை மடிக்கச் சொல்ல மறக்காதீர்கள், கையை வெட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வரும் மழைக்குக் கூடு முதுகு காட்டி நிற்கட்டும். பின்பக்கத்தைப் பலகையால் மூடுங்கள். மேற்கே பின்னேர வெயிலை மறைக்க ஒரு கிடுகு போதும். மற்றப் பக்கங்களில் காற்று ஓடட்டும். கூரைக்கு வெறும் தகரம் போட்டால் உள்ளே அடுப்புத்தான். தகரத்தின் மேல் கிடுகு பரப்புங்கள். வேம்பு நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. காது சுட்டு, மூச்சு வேகமாக வாங்கினால் காதுகளைக் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து முயலை நிழலுக்குக் கொண்டு போங்கள்.

கடிக்க முருங்கைத் தடி, செவ்வரத்தைத் தடி போடலாம். அலரி மட்டும் வேண்டாம், அது நஞ்சு.

இனிக் கழுவும் வேலை. தட்டைத் தினமும் தட்டிக் கழுவுங்கள். தளத்தைக் கிழமைக்கு ஒரு முறை கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து வெயிலில் காயவிடுங்கள். மாரியில் காயாது என்பதால் தளம் இரண்டு செய்து வைப்பது புத்தி. முயலின் சிறுநீரில் சுண்ணம் அதிகம். வெள்ளையாகப் படியும் அந்தக் கறை தேய்த்தால் போகாது, வினாகிரி ஊற்றிச் சற்று ஊறவிட்டால் கரையும். வினாகிரியோடும் சிறுநீரோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள். எழும் நச்சுப்புகை நெஞ்சை அடைக்கும்.

நம் ஷாபிஈ மத்ஹபில் முயல் ஹலால் என்றாலும் அதன் சிறுநீரும் புழுக்கையும் நஜீஸ்தான். கூட்டைத் துணிக்கொடிக்கும் வுழூச் செய்யும் இடத்துக்கும் தள்ளி வைத்தால் தொழுகை நேரத்தில் உடுப்பைப் பற்றிய சந்தேகம் இராது.

ஒரு முயலுக்கு இவ்வளவா என்று சிலர் கேட்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் எட்டுப் பேர் இருந்தோம். மழைக்குத் தரை ஊறும், வெயிலுக்குக் கூரை கொதிக்கும். போர் முடிந்த 2009க்குப் பின்தான் முல்லைத்தீவு மண்ணை மீண்டும் மிதித்தோம். அடைபட்ட இடத்தின் ஈரமும் நாற்றமும் எங்களுக்குத் தெரியும். நாங்களாவது வாய்விட்டுச் சொன்னோம். முயல் சத்தம் போடாது. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடாமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதுதான். பூட்டுப் போடுகிறவர் கையில்தான் உள்ளே இருப்பதன் உயிர் இருக்கிறது.

கூடு வேலை முடிந்ததும், பாஸுக்குக் கூலி கொடுக்கும் முன், நீங்களே தட்டையும் தளத்தையும் கழற்றிக் கழுவி மாட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்தால் முயல் வரட்டும். முடியாவிட்டால் இன்னொரு நாள் வேலை இருக்கிறது என்று பாஸிடம் சொல்லுங்கள். முயல் அதுவரை சந்தையிலேயே இருக்கட்டும்.