கை பட்ட குஞ்சு

வானகரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியடியில் ஒரு மைனாக் குஞ்சு விழுந்து கிடந்தது. எடுக்கக் குனிந்தேன். "தொடாதடி, மனுச வாடை பட்டா தாய் சேர்க்காது" என்றாள் அம்மா.

நான் கணவர் வீட்டைவிட்டு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "வாழப்போன பொண்ணை ரொம்ப நாள் வெச்சுக்காதே" என்று உறவினர்கள் சொல்லிப்போனதிலிருந்து, என் பெட்டி கூடத்திலேயே பிரிக்காமல் கிடந்தது.

வாடைக்காகக் குஞ்சைக் கைவிடும் பறவை அநேகமாக இல்லை. சிறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சு பறக்கப் பழகுகிறது. பூனை நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், பெற்றவை வந்து ஊட்டும். சிறகு முளைக்காததைக் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காயம்பட்டிருந்தால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, கிண்டியில் இருக்கும் புளூ கிராஸுக்குக் கொண்டுபோகலாம்.

இது சிறகு முளைக்காதது. ஏணியில் ஏறினேன், அம்மா பிடித்துக்கொண்டாள். சுவர்ப்பொந்துக் கூட்டில் விட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு மைனா புழுவோடு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. மைனாக்களில் தாயும் தகப்பனும் சேர்ந்தே ஊட்டுகின்றன. "சேர்க்குமா" என்று தாயை மட்டும் கேட்பது நாம்தான்.

"சேத்துக்கிச்சு" என்றாள் அம்மா. உள்ளே போய் என் பெட்டியைத் திறந்து, துணிகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.