ஹனோய் நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் மெருகு ஓவியம்

வியட்நாமின் தலைநகர் ஹனோயில், யெட் கியூ தெருவில் அமைந்துள்ள வியட்நாம் நுண்கலைப் பல்கலைக்கழகம், பிரெஞ்சு ஆட்சியின்போது 1924 அக்டோபரில் வெளியான ஆணையின்படி இந்தோசீன நுண்கலைக் கல்லூரியாக உருவெடுத்து, 1925இல் பயிற்சியைத் தொடங்கியது. முதல் இயக்குநரான பிரெஞ்சு ஓவியர் விக்டர் தார்தியூவும், அவருடன் நின்று கல்லூரியை நிறுவிய வியட்நாமிய ஓவியர் நாம் சோனும் ஐரோப்பியத் தைலவண்ண முறையோடு உள்நாட்டு மரபுகளுக்கும் இடமளித்தனர். அந்த இடத்தில் வேரூன்றி வளர்ந்ததே ‘சோன் மாய்’ எனப்படும் மெருகு ஓவியம்.

இம்மெருகு பூச்சி தரும் அரக்கு அன்று. பூத்தோ மாகாணத்தில் வளர்க்கப்படும் ஒரு மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். அம்மரம் மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டைப் பால் பட்டுத் தோல் கொப்புளித்ததைக் கண்டவர்களுக்கு, பட்டறைக்குப் புதியவர்களின் கைகளிலும் முகத்திலும் தோன்றும் தடிப்பு வியப்பளிக்காது. பாலை இரும்புக் கலத்தில் நெடுநேரம் கிளறினால் கருமெருகும், இரும்பு படாமல் பக்குவப்படுத்தினால் கரப்பான் இறகின் பழுப்பு நிறமும் கிடைக்கின்றன. துணி ஒட்டி, மண்ணும் மரத்தூளும் மெருகும் கலந்த சாந்து பூசிச் சமன்செய்த பலகையின் மீது செந்தூரம், முட்டை ஓடு, வெள்ளித்தாள், பொன்தாள் ஆகியன அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஒவ்வொரு பூச்சும் இறுகுவதற்கு வெயில் உதவாது, ஈரக்காற்றே வேண்டும் என்பதால், பலகைகள் ஈரப்பதம் காக்கும் அறைகளில் வைக்கப்படுகின்றன. அடுக்குகள் முடிந்தபின் நீர்விட்டுத் தேய்க்கும்போதுதான் புதைந்த நிறங்கள் வெளிப்படுகின்றன. சற்றே கூடுதலாகத் தேய்த்தாலும் பொன் போய்விடும் என்பதால், எங்கே நிறுத்துவது என்ற தீர்ப்பு முழுக்கக் கையறிவைச் சார்ந்தது. இறுதிப் பளபளப்பை உள்ளங்கையே தருகிறது.

கோயில்களின் மரவேலைகளையும் பலிபீடங்களையும் காத்துவந்த இந்நுட்பத்தை ஓவியத்துக்குரியதாக்கும் முயற்சியை ஆசிரியர் ஜோசப் ஆங்கிம்பெர்த்தி ஊக்குவித்தார்; திரான் வான் கான், பாம் ஹாவ், நுயென் ஜியா திரி முதலிய மாணவர்கள் அதற்குப் புகழ் தேடித்தந்தனர். ஆனால் பாலைப் பக்குவப்படுத்தவும் இறுகிய பரப்பைத் தேய்க்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் டின் வான் தான் என்னும் கைவினைஞர். அந்த அறிவின்றி ஓவியர்களின் கற்பனை பலகையில் ஏறியிருக்காது.

போர்க்காலக் குண்டுவீச்சால் 1943இல் கல்லூரி சிதறி வேறிடங்களுக்குச் சென்று, 1945இல் மூடப்பட்டது. பின்னர் வியட் பாக் மலைப்பகுதியில் ஓவியர் தோ நாக் வான் தலைமையில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போராட்டத்தின் கலைப்பள்ளி இயங்கியது. அவர் 1954இல் தியன் பியன் பூ போர்முனையையொட்டி உயிரிழந்தார். 1954க்குப் பின் ஹனோயில் மீண்டெழுந்த நிறுவனம் 1981இல் பல்கலைக்கழகத் தரம் பெற்று, 2008இல் இப்போதைய பெயரை ஏற்றது. ஓவியம், சிற்பம், வரைகலை, கலை வரலாறு, கலைக்கல்வி ஆகிய துறைகள் இங்குள்ளன. தைலவண்ணம், பட்டுத்துணி ஓவியம், மெருகு ஆகியவை ஓவியத்துறைக்குள்ளேயே கற்பிக்கப்படுகின்றன.

சுற்றுலாச் சந்தைக்கான பொருள்களில், முந்திரிக் கொட்டையின் எண்ணெயிலிருந்து செய்யும் விரைவில் காயும் மெருகு பரவிவிட்ட நிலையில், மரப்பாலின் நிதானத்தைக் கற்பிக்கும் கூடங்கள் இன்றியமையாதவை. இப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதுவோர், டின் வான் தானின் பெயரைத் தார்தியூவின் பெயருக்கு அடுத்த வரியிலேயே எழுதுவது முறையாகும்.