பனிமேல் நடை பயின்ற கதை

எமதருமைக் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் ஒஸ்லோவிலுள்ள எமக்கு மடல் வரைந்தபோது, பழந்தமிழ் இலக்கியத்தில் ஏதேனுமொரு துறைபற்றியே எழுதுவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும், நாம் எழுதப் புகுவது நோர்வே நாட்டிற் பனிச்சறுக்கு நடை பயிற்றும் கழகங்களைப் பற்றியது. நாற்பத்து நான்காம் அகவையில் அத்தகையதொரு கழகத்தில் மாணாக்கராய்ச் சேர்ந்து, முதல் நாளிலேயே பதினொரு முறை விழுந்தெழுந்தோம் என்பதே இதனை எழுதுதற்கு எமக்குள்ள தகுதி.

ஆசிரிய கலாசாலையில் ஈராண்டு பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்று, வடபுலத்து ஊர்ப் பாடசாலையொன்றிற் சில்லாண்டுகள் கற்பித்தபின், மனையாளின் உறவினர் வாழும் இந்நாட்டிற்கு வந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. வார இறுதியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கின்றோம். ஏனைய நாட்களில் வயிற்றுப்பாட்டிற்கு வேறு தொழில். ஊரிலே பனியென்றால் மார்கழி விடியலிற் பூவரசிலையில் முத்திட்டு நிற்கும் நீர் என்பதே நாம் அறிந்தது. இங்கோ அது முழங்காலளவு கிடக்கின்றது.

மலையுச்சியிலிருந்து விரைந்து கீழே பாயும் சறுக்கல் வேறு. நாம் பயின்றது வேறு. இது காட்டினூடும் மேட்டினூடும் நெடுந்தொலை செல்லும் நடை. ஒடுங்கிய நீண்ட பலகையிற் காலணியின் முன்நுனி மட்டுமே பிணைக்கப்படும். குதிக்கால் எழுந்து தாழும். பலகையின் நடுப்பகுதி வில்போற் சற்றே மேல்வளைந்திருக்கும். அவ்விடத்தில் ஒருவகை மெழுகு பூசுவர். ஒரு காலில் முழுப்பாரத்தையும் ஊன்றினால் வளைவு அமிழ்ந்து மெழுகு பனியைப் பற்றும்; பாரம் பகிரப்பட்டால் வளைவு நிமிர்ந்து பலகை வழுக்கிச் செல்லும். பற்றலும் வழுக்கலும் மாறி மாறி நிகழ்வதே நடை. சொல்வதற்கு எளிது!

தலைநகரைச் சூழ்ந்த காடுகளில் இதற்கென இயந்திரங்கொண்டு தடம் அமைக்கின்றனர். 1883ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனிச்சறுக்குச் சங்கமொன்று இன்றும் இப்பணியையும் பிள்ளைகளுக்கான பயிற்சியையும் நடாத்தி வருகின்றது. இதனோடு, குடியிருப்புத்தோறும் சிறு கழகங்கள் உள. அங்கே பயிற்றுவோரிற் பலர் ஊதியம் பெறாத பெற்றோரே. நம்மூரிற் சிரமதானம் என்போமே, அதனை இவர்கள் ‘டுக்னாட்’ என்பர்.

எமது மகளை ஏழு வயதில் அத்தகைய கழகமொன்றிற் சேர்த்தோம். ஊன்றுகோல்களை வாங்கி ஒருபுறம் வைத்துவிட்டு, பலகையோடு ஓடிப்பிடித்து விளையாட விட்டனர். விழுவதும் எழுவதுமே முதற்பாடம். பின்னர், மேட்டில் ஏறுதற்குப் பலகைகளை வெளிப்புறமாய் விரித்து வைக்கும் ‘மீன்முள்’ நடை. தடம் மீன்முள்போலவே பதியும். பருவ இறுதியிற் போட்டியொன்றும் வைத்தனர். வீடு திரும்பியதும், “யார் பிள்ளை முதலாவது?” என்று கேட்டோம். யாழ்ப்பாணத்துத் தந்தை வேறென்ன கேட்பான்? “தெரியாது அப்பா. எல்லாருக்கும் பதக்கம் தந்தவை” என்றாள். இந்நாட்டு விளையாட்டு விதிகளின்படி, பதினொரு வயதை எட்டும் ஆண்டுக்கு முன்னர்ப் பிள்ளைகளை முதல், இரண்டு எனத் தரவரிசைப்படுத்தல் ஆகாது என்பதைப் பின்னரே அறிந்தோம். இது சோம்பலுக்கு வழிகோலும் என்றே அன்று மனையாளிடம் வாதிட்டோம்.

மறு ஆண்டு நாமும் முதியோர் வகுப்பிற் சேர்ந்தோம். எழுபதைக் கடந்த பாட்டியொருவர் எம்மைக் கடந்து சென்று, திரும்பி வந்து, மீண்டும் கடந்து சென்றார். அதையும் பொறுத்தோம்.

ஒரு மாலைப்பொழுது, விளக்கொளியில் இரு சோடித் தடங்கள் அருகருகே ஓடக் கண்டோம். ஒன்றிற் பார்வையற்ற மாதொருவர். மற்றதில் அவருடைய வழிகாட்டி. கையைப் பிடிக்கவில்லை, கயிறுமில்லை. “இடப்புற வளைவு... இனி இறக்கம்...” என்ற குரல் மட்டும். அவர்கள் பின்னே ஓர் இளைஞர், இரு பலகைகள்மேற் பொருத்திய இருக்கையில் அமர்ந்து, குறுங்கோல்களால் உந்திச் சென்றார். மூவரும் மேடேறி மறைந்தனர். நாம் அங்கேயே நின்றுவிட்டோம்.

இதற்கு வித்திட்டோருள் ஒருவர் எர்லிங் ஸ்டோர்டால். தாமே பார்வையற்றவர், இசைவாணர். 1964இல் பெய்தொஸ்தோலன் என்னும் மலையூரிற் பார்வையற்றோருக்கான பனிநடை விழாவைத் தொடங்கினார். உடலியக்கக் குறைபாடுடையோரும் அதிற் சேர்ந்தனர். 1970இல் அவ்விடத்திலேயே உடற்குறையுடையோர்க்கான விளையாட்டு நலநிலையம் திறக்கப்பட்டது. 1975இல் அவ்வழக்கம் அமெரிக்காவிற்கும் சென்றது.

அன்றிரவு எம்மை உறங்கவிடாதது ஸ்டோர்டாலின் வரலாறன்று. ஊர்ப் பாடசாலையில் எம்மிடம் பயின்ற ஒரு மாணவனின் முகம். கண்ணிவெடியில் வலக்காலை முழங்காலின்கீழ் இழந்து, ஜெய்ப்பூர்க் காலுடன் நடந்தவன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாமே ஓர் இல்லத்தின் பொறுப்பாசிரியர். “சேர், நானும் அணிநடையில் வரட்டோ?” எனக் கேட்டான். ஓடக் கேட்கவில்லை, நடக்கவே கேட்டான். ஒருவனுடைய அடி பிசகினால் அணிநடைப் புள்ளி குறையும். அதனை அவனிடம் சொல்ல நாணி, “உனது கையெழுத்து முத்துப்போன்றது, முடிவுகளை எழுத நீதான் வேண்டும்” என்று மேசையில் அமர்த்தினோம். நாள் முழுவதும் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றோரின் பெயர்களை அவன் எழுதினான். அணிநடையில் எமது இல்லம் முதலிடம் பெற்றது. அதனையும் அவனே எழுதினான். பரிவு காட்டினோமென்றே பல்லாண்டு எண்ணியிருந்தோம்.

அவன் இப்பொழுது ஈருருளி திருத்தும் கடை வைத்திருக்கின்றான். இரு பிள்ளைகளின் தந்தை. சென்ற மாசி மாதம் தொலைபேசியில் அழைத்தோம். மன்னிப்புக் கேட்பதே நோக்கம். ஆனால், பனியையும், பலகையையும், குரலைப் பற்றிச் செல்லும் மாதையும், இருக்கையில் அமர்ந்து மேடேறிய இளைஞரையுமே சொல்லிக்கொண்டிருந்தோம். இருக்கை பலகையில் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது, ஆணியோ பட்டியோ என்று நுணுகி நுணுகிக் கேட்டான். பின்பு, “சேர், நீங்கள் எத்தனை தரம் விழுந்தனீங்கள்?” என்றான்.

“முதல் நாள் பதினொன்று.”

நெடுநேரம் சிரித்தான். அந்த மேசையைப் பற்றி அவனும் பேசவில்லை. நாமும் இன்னும் பேசவில்லை.